மருமகனுக்குத் தோல் ஸ்போரன் தைக்க வேண்டும்: ஆலோசனை தேவை

லீத்கரை:

அனைவருக்கும் வணக்கம். எடின்பரோவில் வசிக்கிறேன். வரும் கோடையில் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் பெர்த்ஷயர்க்காரர்கள். காலையில் தாலி கட்டு, மாலையில் அவர்கள் முறைப்படி கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றும் மடிப்பு வைத்த கம்பளி உடை) அணிந்து ஆட்டம் என்று இரு வீட்டாரும் பேசி முடித்திருக்கிறோம்.

மாப்பிள்ளை அணியப்போவது அவருடைய தாத்தாவின் கில்ட். எட்டு கஜம் கம்பளி, இன்னும் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை. அதோடு தாத்தாவின் ஸ்போரனும் இருக்கிறது. (புதிதாகப் படிப்பவர்களுக்கு: கில்ட்டில் சட்டைப்பை மாதிரி எதுவும் கிடையாது. இடுப்பைச் சுற்றிய வாரிலிருந்து முன்னால் தொங்கும் பைதான் ஸ்போரன்.) அது முகப்பு முழுவதும் சீல் என்னும் கடல் விலங்கின் தோல் போர்த்தி, மேலே வெள்ளிப் பட்டை வைத்தது. ஆனால் திருமணத்துக்குப் பிறகு இருவரும் அமெரிக்காவில் குடியேறுகிறார்கள். அங்கே 1972ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி சீல் தோல் பொருளை நினைத்தபடி கொண்டுபோக முடியாது. தாத்தாவின் ஸ்போரன் பெர்த்ஷயரிலேயே தங்கட்டும், புதிதாக ஒன்றை நானே தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பெல்ட், பர்ஸ், மடிக்கணினிப் பை எல்லாம் கையால் தைத்துப் பழக்கம் உண்டு. ஸ்போரன் தைத்ததில்லை. முடியில்லாத வெறும் தோலில், கறுப்பு நிறத்தில், மூடியில் ஏதேனும் வேலைப்பாட்டுடன் இருக்க வேண்டும். உள்ளே கைப்பேசியும் ஆஸ்துமா மருந்துக் குப்பியும் அடங்க வேண்டும். எவ்வளவு தடிமனான தோல்? பக்கவாட்டுப் பட்டையை எப்படி இணைப்பது? சாயம் கம்பளியில் ஒட்டாமல் இருக்க என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேணத்தையல்:

வாழ்த்துகள் அண்ணா. நான் வால்சாலில் சேணப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். ஸ்போரன் வேலையும் அவ்வப்போது வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லோரும் முகப்பைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நீங்கள் முதுகுத் தோலிலிருந்து தொடங்குங்கள். ஸ்போரனின் முதுகு நாள் முழுவதும் கில்ட்டின் முன்மடிப்பின் மேல் கிடக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அங்கே உரசல்தான். தோலின் சொரசொரப்பான உட்பக்கம் கம்பளியைத் தொட்டாலோ, ஆணித்தலையோ நூல் முடிச்சோ வெளியே துருத்தினாலோ, ஒரே மாலையில் அந்த இடத்தில் கம்பளி நூல் பிரிந்து பொருக்குப் பொருக்காக எழுந்துவிடும். தாத்தா காலத்துத் துணி, அதே டார்டன் கட்டத் துணியை அதே சாயத்தில் மறுபடி நெய்து வாங்குவது எளிதல்ல. ஆகவே முதுகில் தோலின் வழுவழுப்பான மேற்பக்கம் கில்ட்டைப் பார்த்தபடி இருக்கட்டும். ஆணியே வேண்டாம். தையல் ஓடும் இடத்தில் ஒரு மெல்லிய பள்ளம் கீறி, நூல் அதற்குள் அமிழும்படி தையுங்கள்.

அடுத்தது தொங்கும் விதம். வார் நுழையும் வளையங்களை முதுகின் மேல் விளிம்பிலிருந்து 2 செ.மீ.க்குள் வையுங்கள். கீழே இறக்கினால் பை முன்னால் கவிழும், வாய் திறந்துகொண்டு தெரியும். இரண்டு வளையங்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். நெருக்கமாக வைத்தால் நடக்கும்போது ஊசலாடும்.

இனி அளவு. இன்றைய பெரிய கைப்பேசிகள் 16 செ.மீ. உயரம் இருக்கின்றன. உள்ளே கை நுழைந்து எடுக்கவும் இடம் வேண்டும். அகலம் 19, உயரம் 21, பக்கவாட்டுப் பட்டை 4 செ.மீ. என்று வைத்தால் சரியாக வரும். முதலில் தடித்த அட்டையில் வெட்டி ஒட்டி, மாப்பிள்ளையின் கைப்பேசியையும் மருந்தையும் உள்ளே போட்டு, அவருடைய கையாலேயே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அளவெடுத்துச் செய்வதன் பயனே இங்கேதான் இருக்கிறது. கடையில் வாங்கும் ஸ்போரன் பலவற்றில் பெரிய கைப்பேசி படுத்த வாக்கில்கூட நுழையாது.

தடிமன்: முகப்பு, முதுகு, மூடி மூன்றும் 2 மி.மீ. பக்கவாட்டுப் பட்டை 1.2 முதல் 1.5 மி.மீ. வார் 3 மி.மீ. பட்டையின் இரு விளிம்புகளையும் தையலுக்கு முன் உட்புறமாகச் சீவி மெலிதாக்குங்கள், வளைவில் படிந்து உட்காரும்.

பழையஏடு:

நல்ல முயற்சி ஐயா. ஆனால் பெட்டி மாதிரி பக்கவாட்டுப் பட்டை வைத்துத் தைப்பதெல்லாம் பிற்காலத்து வழக்கம். 18ஆம் நூற்றாண்டு ஸ்போரன் என்பது மான்தோலிலோ கன்றுத்தோலிலோ செய்த சுருக்குப்பை. வாயைச் சுற்றித் துளையிட்டு, தோல்வார் கோத்து இழுத்து, வார் நுனியில் குஞ்சம் முடிந்திருப்பார்கள். வசதியுள்ளவர்கள் மேலே பித்தளைக் கொக்கி வாய் வைத்துக்கொண்டார்கள்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் கிளர்ச்சிக்காரர்கள் தோற்ற கலோடன் போருக்குப் பின் மலைநாட்டு உடையைத் தடை செய்யும் சட்டம் 1746இல் இயற்றப்பட்டது. 1782இல்தான் நீக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் கில்ட்டை வெளிப்படையாக அணிய முடிந்தவர்கள் பெரும்பாலும் மலைநாட்டுப் படைப்பிரிவுகளின் வீரர்கள். அதனால் ஸ்போரனின் வளர்ச்சியும் படையின் கைக்குப் போயிற்று. முழங்கால் வரை தொங்கும் குதிரைமயிர் ஸ்போரன் அப்படி வந்ததுதான். பிறகு 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய கொண்டாட்டத்தில் கில்ட் மறுபடி பெரிய மனிதர்களின் உடையாயிற்று. வெள்ளிப் பட்டையும் பளபளப்பும் வளர்ந்தது அதற்குப் பிந்தைய காலத்தில்.

எடின்பரோவிலேயே இருக்கிறீர்கள், சேம்பர்ஸ் தெருவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். ஸ்போரன் வாய்க்கொக்கி ஒன்று அவர்களுடைய சேகரிப்பில் இருக்கிறது. அதற்குள் நான்கு சிறு துப்பாக்கிகளை மறைத்து வைத்திருக்கிறார்கள், திறக்கும் முறை தெரியாதவன் கைவைத்தால் வெடிக்கும்படி. பணப்பையைப் பாதுகாக்க எந்த அளவுக்குப் போயிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

என் யோசனை: பழைய முறையில் மான்தோல் சுருக்குப்பை செய்யுங்கள். அதன் அழகு தனி.

சேணத்தையல்:

அழகு தனிதான், மறுக்கவில்லை. ஆனால் மென்மையான மான்தோல் சுருக்குப்பையில் கைப்பேசியைப் போட்டால் அடிவயிறு தொங்கிவிடும். நாணயமும் சாவியும் வைத்திருந்த காலத்துக்கு ஏற்ற வடிவம் அது. மருந்துக் குப்பியை அவசரத்தில் எடுக்க வேண்டியவர் சுருக்கை அவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது. மூடியை ஒரு கையால் தூக்கினால் கை உள்ளே போக வேண்டும். இந்த மாப்பிள்ளைக்குச் சுருக்குப்பை பொருந்தாது என்பதே என் கருத்து.

பாலாற்றங்கரை:

லீத்கரை ஐயா, வாணியம்பாடித் தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையில்) நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் தோலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூடியில் வேலைப்பாடு செய்யப்போகிறீர்கள் என்றால் மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கும் தாங்கும். ஆனால் நனைத்துக் கீறி அழுத்தினால் அச்சு நிற்காது, மீண்டும் எழுந்துவிடும். கடையில் எது என்று சந்தேகம் வந்தால் ஒரு சிறு துண்டைக் கொதிநீரில் போடுங்கள். பட்டைத்தோல் சுருண்டு விறைக்கும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் அப்படியே கிடக்கும். இன்னொரு துண்டை எரித்துப் பாருங்கள். குரோம் தோலின் சாம்பல் பச்சை படிந்திருக்கும்.

இங்கிலாந்தில் டெவன் பகுதியில் கோலிட்டன் என்னும் ஊரில் ஓக் மரப்பட்டையால் மாதக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடும் பழைய ஷாப்பு இன்னமும் நடக்கிறது. வாருக்கு அந்தத் தோல் கிடைத்தால் உங்கள் பேரன் காலம் வரை உழைக்கும்.

நம் பக்கத்திலும் இதே மரபு உண்டு. திருச்சி, திண்டுக்கல் வட்டாரங்களில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்த தோல் ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. அங்கே போய்த்தான் சாயமும் மெருகும் ஏற்றினார்கள். இன்று அந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உள்பைக்கு ஆட்டுத்தோல் தேடுகிறீர்கள் என்றால் அப்படிப் பதனிட்ட வெள்ளாட்டுத்தோலை யாரிடமாவது சொல்லி வரவழையுங்கள். மெலிதாக இருக்கும், சுலபத்தில் கிழியாது. மகள் வீட்டுக் கல்யாணத்தில் நம் ஊர்த் தோலும் இருந்த மாதிரி ஆகும்.

கறுப்பு நிறத்துக்குச் சாயமே வேண்டாம். காடியில் இரும்புக் கம்பளியை (பாத்திரம் தேய்க்கும் மெல்லிய இரும்பு நார்) ஊறவைத்த தண்ணீர் போதும். முதலில் சோப்புப் போட்டு இரும்பின் எண்ணெய்ப் பசையைப் போக்கிவிடுங்கள். பிறகு காடியில் போட்டு, மூடியை இறுக்காமல், குமிழி அடங்கும்வரை சில நாட்கள் வைத்து வடிகட்டுங்கள். பட்டைத்தோலில் இருக்கும் துவர்ப்பும் இந்த இரும்பும் சேர்ந்து தோலுக்குள்ளேயே கறுப்பாகும். அந்தக் காலத்து எழுதுமையும் இதே வினைதான். மேலே பூசிய சாயம் உரசினால் கையோடு வரும். இது தோலின் உள்ளேயே உண்டான நிறம், அப்படி வராது. பூசி முடித்தபின் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை துடைத்து, புளிப்பைத் தணித்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் எண்ணெய் கொடுங்கள். எண்ணெய் கொடுக்காமல் விட்டால் தோல் வறண்டு வெடிக்கும். கழிவுத் துண்டில் சோதித்த பிறகே பைக்குப் போங்கள்.

குழலூதி:

எல்லோருக்கும் வணக்கம். டொராண்டோ பக்கம் ஒரு பைப் இசைக்குழுவில் வாசிக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆனால் வாரந்தோறும் கில்ட் அணிகிறவன் என்பதால் அணிகிறவரின் பக்கத்திலிருந்து சில சொல்கிறேன்.

குழுவுக்குக் குதிரைமயிர் ஸ்போரன். அணிவகுப்பில் நடக்கும்போது அது இடம் வலமாக வீசும் அழகுக்காகவே கூட்டம் பார்க்கும். ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் படைப்பிரிவில் சாதாரண வீரர்களின் ஸ்போரனில் ஆறு வெள்ளைக் குஞ்சம், அதிகாரிகளுக்கோ பேட்ஜர் என்னும் விலங்கின் தலையையே முகப்பாக வைத்தது. திருமண வீட்டுக்கு அந்தப் பெரிய வகை ஒத்துவராது, நீங்கள் சொன்ன வெறும் தோல் வகைதான் சரி. எந்த வயதிலும் எந்த நிகழ்ச்சிக்கும் போடலாம்.

ஐயா, ஆட்டத்தை மறந்துவிடாதீர்கள். வட்டமாகச் சுற்றும் ஸ்காட்டிஷ் ஆட்டத்தில் ஸ்போரன் முன்னால் தொங்கினால் தொடையில் அடித்துக்கொண்டே இருக்கும். பலர் அதை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிவிட்டுத்தான் ஆடுவார்கள். எங்கள் குழுவின் முரசுக்காரர்களும் அப்படித்தான். ஆகவே வார் வளையத்துக்குள் தடையில்லாமல் நகர வேண்டும். முன்னால் தொங்கும்போது ஸ்போரனின் மேல் விளிம்பு பெல்ட் கொக்கிக்குக் கீழே ஒரு கை அகலம் தள்ளி இருக்கட்டும். மிகவும் தாழ்ந்தால் உட்காரும்போது மடியில் நிற்காமல் கால்களுக்கு நடுவே போய்விடும்.

இன்னொன்று. மூடியில் சிக்குக் கோலம் செதுக்கினால் என்ன? புள்ளிகளை வைத்து, கோடு முறியாமல் சுற்றி வந்து சேரும் கெல்டிக் பின்னலும் நம் சிக்குக் கோலமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கின்றன. மகளின் வீட்டையும் மாப்பிள்ளையின் வீட்டையும் ஒரே கோட்டில் கொண்டுவந்துவிடலாம்.

பழையஏடு:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோலம் வாசலில் மாவால் போடுவது. அரிசி மாவில், எறும்புக்கும் இரையாக, அன்றாடம் அழிந்து அன்றாடம் போடுவது அதன் இயல்பு. அதைத் தோலில் செதுக்கி நிரந்தரமாக்குவதும், அதிலும் மாட்டுத்தோலில் செய்வதும் பொருந்தவில்லை. மாப்பிள்ளையின் உடைக்கு அவருடைய மண்ணின் வடிவம் இருக்கட்டும். பெர்த்ஷயரிலேயே மீகிள் என்னும் ஊரில் ஸ்காட்லாந்தின் பழைய குடிகளான பிக்ட் மக்கள் செதுக்கிய கற்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான சிலுவைக் கற்கள், அவற்றில் பின்னல் வேலைப்பாடு, விலங்குகள், குதிரை வீரர்கள். மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய், ஒரு கல்லிலிருந்து பின்னலை வரைந்துவாருங்கள். அவருடைய ஊரின் கல், அவருடைய ஸ்போரனில். அதைவிடப் பொருத்தம் வேறென்ன?

குழலூதி:

அண்ணா, கோலத்தை மரத்திலும் சேலையிலும் இன்று எத்தனையோ பேர் வைத்துக்கொள்கிறார்கள். ஊரைவிட்டு வந்த எங்கள் வீடுகளில் பல பனிக்காலத்தில் வாசலில் கோலமே போட முடியாது. வேறு எதிலாவது வைத்துக்கொண்டால்தான் பிள்ளைகளுக்கு அது நினைவிலிருக்கும். மாட்டுத்தோல் என்பதற்காக வேண்டாம் என்றால் அதை மகளின் அம்மா சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம்.

சேணத்தையல்:

எதைச் செதுக்குவது என்பது அந்த வீட்டு முடிவு. எப்படிச் செதுக்குவது என்று மட்டும் சொல்கிறேன், இரண்டுக்கும் ஒரே முறைதான்.

பின்னலின் ஒவ்வொரு இழையும் குறைந்தது 4 மி.மீ. அகலம் வேண்டும். அதற்குக் கீழே போனால் இருபுறமும் அழுத்தும்போது நடுவிலுள்ள மேடு சாய்ந்துவிடும். கோலத்தில் இருப்பது ஒற்றைக் கோடு. தோலில் அதை இரட்டைக் கோடாக்கி, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். கத்தியை எடுப்பதற்கு முன்பே சந்திப்புகளில் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

தோலைப் பஞ்சால் நனைத்து, மேற்பரப்பின் நிறம் மறுபடி வெளிறத் தொடங்கும்வரை காத்திருங்கள். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், தண்ணீர் தெரியக் கூடாது. அந்தப் பதத்தில்தான் அச்சு ஆழமாகவும் கறுத்தும் விழும். பின்புறம் முழுக்க அகலமான ஒட்டுநாடா ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுத்தியலடியில் தோல் நீண்டு, மூடி அளவு மாறிவிடும். கீறும் ஆழம் தடிமனில் பாதியைத் தாண்ட வேண்டாம். செதுக்கி முடித்துக் காய்ந்த பிறகே மூடியின் வெளி வளைவை இறுதி அளவுக்கு வெட்டுங்கள்.

தையலுக்குச் சேணத் தையல். ஒரே நூலின் இரு நுனியிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராக நுழைய வேண்டும். நடுவில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல் நிற்கும். மெழுகேற்றிய லினன் நூல், தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு. துளைக்குத் துளை 3 மி.மீ. பக்கவாட்டுப் பட்டையை அடி வளைவின் நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மேலே தைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் மறுமுனையில் கோணும். பட்டையை 3 செ.மீ. கூடுதலாக வெட்டி, மிச்சத்தைக் கடைசியில் நறுக்குங்கள்.

பையை உள்வெளியாகத் தைத்துத் திருப்பலாமா என்று கேட்கத் தோன்றும். 2 மி.மீ. தோலில் வேண்டாம், செதுக்கிய பகுதி மடங்கிப் பாழாகும். விளிம்புகள் வெளியே தெரியும்படியே தைத்து, ஓரத்தை மழுக்கி, ஈரத்தோடு மரக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுங்கள். நல்ல கைவேலைக்காரரை விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று எங்கள் பட்டறை முதியவர்கள் சொல்வார்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

லீத்கரை:

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறீர்கள், நெஞ்சார்ந்த நன்றி.

வீட்டில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வடிவத்தைப் பற்றி மகளின் முடிவு இது: மூடியின் வெளிப்புறத்தில் மீகிள் கல்லின் பின்னல், மூடியைத் தூக்கினால் தெரியும் உட்புறத்தில் சிறிய சிக்குக் கோலம். அவள் அம்மாவுக்கு மாட்டுத்தோல் பற்றித் தயக்கம் இல்லை, அவரே புள்ளி வைத்து வரைந்து தருவதாகச் சொல்கிறார். உட்புறம் என்பதால் அந்தக் கோலத்தைத் தனித் தோலில் செதுக்கி மூடியின் அடியில் ஒட்டித் தைக்கலாம் என்று நினைக்கிறேன். பழையஏடு ஐயாவுக்கும் தம்பி குழலூதிக்கும் மகளின் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

பாலாற்றங்கரை ஐயா, ஆட்டுத்தோலுக்குத் திண்டுக்கல்லில் இருக்கும் உறவினரிடம் சொல்லிவிட்டேன். காடியும் ஊறிக்கொண்டிருக்கிறது.

இரண்டு கேள்விகள் மிச்சம். குஞ்சம் வேண்டுமா, வேண்டாமா? வார் நீளத்தை எப்படி அளப்பது?

சேணத்தையல்:

உள் மூடித் தோல் 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம். மேலே 2, கீழே 1 என்று சேர்ந்தாலே மூடி விறைக்கத் தொடங்கும். அந்த மெல்லிய தோலில் செதுக்காமல் கோட்டை அழுத்தி மட்டும் பதியுங்கள். இரண்டையும் தட்டையாக ஒட்டாதீர்கள். மூடி எப்படி மடங்கி உட்காருமோ அதே வளைவில் பிடித்தபடி ஒட்டினால்தான் பின்னால் உள்தோல் சுருங்காது.

குஞ்சம் மூன்று வைப்பது பரவலான வழக்கம். வெறும் தோல் ஸ்போரனுக்குத் தோல் குஞ்சமே நன்றாக இருக்கும். 8 செ.மீ. அகலத் தோல் பட்டையை மேலே ஒரு செ.மீ. விட்டுவிட்டு 2 மி.மீ. கீற்றுகளாக நறுக்கி, பசை தடவி இறுகச் சுருட்டி, மேலே ஒரு கூம்பு மூடி மாட்டுங்கள். ஆனால் பின்னல் வேலைப்பாட்டின் மேல் குஞ்சம் விழுந்து மறைத்தால் செதுக்கியது வீண். மூடிக்குக் கீழே, முகப்பில் தொங்கும்படி வைக்க இடம் இருக்கிறதா என்று அட்டை மாதிரியில் பாருங்கள். இல்லையென்றால் குஞ்சம் இல்லாமலேயே விடுங்கள்.

குழலூதி:

வாருக்கு நான் சொல்கிறேன். மாப்பிள்ளையின் கால்சட்டை இடுப்பளவை நம்பாதீர்கள். வார் இடுப்பெலும்பின் மேல், கில்ட்டுக்கு மேலே சுற்றி வருகிறது. எட்டு கஜ மடிப்பு பின்னால் கனமாக நிற்பதால் சுற்றளவு கூடும். அந்தத் தாத்தா கில்ட்டை அவருக்கு அணிவித்து, வார் கிடக்கும் இடத்தில் அதன் மேலேயே நாடா வைத்து அளந்து, இரு பக்கமும் மூன்று துளையாவது கூட்டிக்குறைக்கும்படி விடுங்கள். கல்யாண விருந்துக்குப் பிறகு ஒரு துளை தளர்த்த வேண்டிவரும்.

லீத்கரை:

வரும் ஞாயிறு அவர்கள் இங்கே சாப்பிட வருகிறார்கள். கில்ட்டையும் எடுத்துவரச் சொல்லிவிட்டேன். அளந்ததும் அட்டை மாதிரியின் படத்தை இங்கே போடுகிறேன், முதுகுப் பக்கத்தையும் சேர்த்து.